பிறமொழி கற்க ஆங்கிலமே வாயிலா?

(மொழிப்பயிற்சிக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தனித்தமிழ் பேணுவோர் பிறமொழிகளை வெறுப்போர் என்னும் பழி நெடுங்காலமாகச் சுமத்தப்பட்டு வருகிறது. அப்பழியில் உண்மை ஒரு துளியுமில்லை. தம் மொழியிற் பிறமொழிச் சொற்களைக் கலவாமை வேறு; பிறமொழியைப் பிறமொழியாகவே கற்றுத் தெளிதல் வேறு. முன்னது மொழித்தூய்மை, பின்னது அறிவுப் பெருக்கம். மறைமலையடிகள் வடமொழியும் ஆங்கிலமும் ஆழக் கற்றவர். மொழிஞாயிறு பாவாணர் பன்மொழிச் சொற்களை ஆராய்ந்தே தமிழின் வேர்களைத் தேடியவர். தூய்மைக் கொள்கைக்கு வித்திட்ட பெருமக்களே பிறமொழிப் புலமையிலும் தலைநின்றனர் என்பதை மறத்தலாகாது.

ஆகவே, இங்கு எழும் வினா தமிழர் பிறமொழி கற்கலாமா, கூடாதா என்பதன்று. கற்க வேண்டும், பலவும் கற்க வேண்டும். எந்த மொழியின் வாயிலாகக் கற்பது என்பதே வினா. கைப்பேசியும் இணையமும் மொழிக்கல்வியை வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்துவிட்ட இக்காலத்தில் இவ்வினா முன்னெப்போதினும் கூர்மையடைந்திருக்கிறது.

வயிற்றுப்பாட்டோடு கூடிய வினா

இதனை வெறும் கொள்கைச் சொற்போராகக் கருதிவிட வேண்டா. 2019 ஏப்பிரலிற் சப்பான் நாடு, குறித்த தொழில்களில் திறனுள்ள அயல்நாட்டாரைப் பணிக்கு ஏற்கும் புதிய நுழைவுரிமை முறையொன்றைத் தொடங்கியது. 2021 சனவரியில் இந்திய ஒன்றியமும் சப்பானும் அதுபற்றி உடன்பாடு செய்துகொண்டன. முதியோரைப் பேணல், வேளாண்மை, கட்டுமானம், உணவாக்கம் முதலிய துறைகள் அம்முறையில் அடங்கும். இவற்றுக்குச் செல்ல விரும்புவோர் தொழில் தேர்வோடு மொழித் தேர்வும் எழுதித் தேற வேண்டும். அம்மொழித் தேர்வு சப்பானிய மொழித் தேர்வு; ஆங்கிலத் தேர்வன்று!

இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். சிற்றூர்ப் பள்ளியில் தமிழ்வழி பயின்று, பன்னிரண்டாம் வகுப்போடு நின்று, கைத்தொழிலில் தேர்ந்த ஓர் இளைஞன் இருக்கிறான். மருத்துவமனையில் நோயாளரைப் பேணும் பணியில் உள்ள ஒரு பெண் இருக்கிறாள். சப்பானியன் அவர்களிடம் கேட்பது சப்பானியம் தெரியுமா என்பதே. ஆனால், கைப்பேசியைத் திறந்து சப்பானியம் கற்கப் புகுந்தால், எதிர்ப்படும் பாடங்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தாலேயே விளக்கப்படுகின்றன. சப்பானியன் கேளாத ஆங்கிலத்தைச் செயலி கேட்கிறது! ஆங்கிலம் திணறும் அவ்விளைஞன், ‘மொழி கற்கும் மூளை தனக்கு இல்லை’ என்று தன்னையே நொந்துகொண்டு கைப்பேசியை மூடிவிடுகிறான். அவனுக்கு மூளை இருந்தது, வாயில்தான் அடைத்திருந்தது.

சப்பானியப் பொது ஒலிபரப்பு நிறுவனமாகிய என்.எச்.கே. இணையவழியில் எளிய சப்பானியப் பாடங்களை விலையின்றி வழங்கி வந்துள்ளது. அவை ஆங்கிலத்தில் மட்டுமல்லாமல் இந்தியிலும் வங்காளத்திலும் உருதுவிலும் கூட வெளிவந்தன. அவ்வரிசையில் தமிழ் இடம்பெறவில்லை. இது சப்பானியர் குற்றமன்று. கேட்டவர்க்கே கதவு திறக்கும்; தமிழர் உரக்கக் கேட்கவில்லை.

தமிழ் கற்ற அயலார் காட்டிய வழி

பிறமொழியைத் தாய்மொழி வாயிலாகக் கற்க இயலுமா என்று ஐயுறுவோர்க்குத் தமிழ்நாட்டு வரலாறே விடை கூறும். 1554-இல் இலிசுபன் நகரில் அச்சான சிறு சமயநூல் ஒன்று, தமிழ்ச் சொற்களை உரோம எழுத்தில் தந்து, அவற்றுக்குப் போர்த்துக்கீசிய மொழியிற் பொருள் காட்டியது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய செருமானியராகிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளியிற் சிறுவரோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் நெடுங்கணக்கைக் கற்றார். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இற் செருமனியின் ஆல்லே நகரில் அச்சாயிற்று. அஃது இலத்தீனில் எழுதப்பட்டது. அன்றைய ஐரோப்பியக் கற்றோர்க்கெல்லாம் பொதுவாய்க் கைவந்த மொழி அதுவே. வீரமாமுனிவர் அயலார்க்கென எழுதிய கொடுந்தமிழ் இலக்கணமும் இலத்தீனிலேயே அமைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் போப்பையர் ஆங்கிலேயர்க்குத் தமிழ் கற்பிக்கக் கைந்நூல் எழுதியபோது அதனை ஆங்கிலத்தில் எழுதினார்.

இவருள் ஒருவரேனும், தமிழ் கற்க வரும் தம் நாட்டவரை, முதலில் வேறோர் அயன்மொழியைக் கற்றுவிட்டு வாருங்கள் என்று திருப்பியனுப்பவில்லை. கற்போன் எதனை அறிவானோ அதிலிருந்து தொடங்கி, அறியாததற்கு அழைத்துச் செல்வதே கற்பிக்கும் முறை. அயலார் தமிழுக்குச் செய்ததைத் தமிழர் பிறமொழிகளுக்குச் செய்யத் தவறினர். மூன்று தலைமுறைகளாக ஆங்கிலம் ஒன்றே உலகின் பலகணி என்று நம்ப வைக்கப்பட்டதே அதற்குக் கரணியம்.

கைப்பேசி செய்வதென்ன?

இனி, கருவியின் இயல்பை ஆராய்தல் வேண்டும். மொழிக்கல்விக்குக் கருவி துணைசெய்தல் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இசைத்தட்டு வழியாக மொழிப்பாடங்கள் விற்கப்பட்டன. பின்னர் வானொலி வந்தது; ஒலிநாடா வந்தது; காதில் கேட்பொறி மாட்டிப் பயிலும் மொழிக்கூடங்கள் கல்லூரிகளில் அமைந்தன. இவையெல்லாம் ஒருவழிக் கருவிகள். அவை பேசும், கேளா. கற்போன் பிழைபட ஒலித்தாலும் இசைத்தட்டு தன்போக்கிற் சுழன்றுகொண்டேயிருக்கும்.

கைப்பேசியோ பேசவும் செய்கிறது, கேட்கவும் செய்கிறது, எழுதியதைத் திருத்துகிறது, கற்போன் எதை மறந்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. இவற்றுள் இறுதியாகக் கூறியதே மிகப் பெரிய நன்மை. மறதிக்கும் ஓர் ஒழுங்குண்டு என்பதை 1885-இற் செருமானிய அறிஞர் எபிங்கவுசு தம்மையே ஆய்வுப்பொருளாக்கிக் கண்டறிந்து எழுதினார். கற்றதிற் பெரும்பகுதி முதலில் விரைந்து மறைகிறது; எஞ்சியது மெல்லத் தேய்கிறது. மறக்குந் தறுவாயில் மீண்டும் ஒருமுறை நினைவுகூர்ந்தால் அது முன்னினும் நெடுநாள் நிலைக்கிறது. இதனை 1972-இல் இலைட்னர் என்பார் எளிய அட்டைப்பெட்டி முறையாக வகுத்துக் காட்டினார். அட்டையின் ஒருபுறம் சொல், மறுபுறம் பொருள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். அதனை நெடுநாள் கழித்துப் பார்த்தாற் போதும். தவறிய அட்டை முதலறைக்குத் திரும்பும். அதனை நாளையே பார்க்க வேண்டும்.

அட்டைப்பெட்டி செய்த அதே வேலையைக் கணிப்பொறி மேலும் நுட்பமாகச் செய்யத் தொடங்கியது. போலந்து நாட்டில் 1987-இல் அத்தகைய மென்பொருள் உருவாயிற்று. 2006-இல் ‘அன்க்கி’ என்னும் பெயரில் ஒன்று வந்தது. அப்பெயரே ‘மனப்பாடம்’ எனப் பொருள்படும் சப்பானியச் சொல். அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்தது. கணிப்பொறியில் அதனை விலையின்றிப் பயன்படுத்தலாம். அட்டையின் மறுபுறத்தில் ஆங்கிலப் பொருளைத்தான் எழுத வேண்டும் என்னும் கட்டுப்பாடு அதில் இல்லை. தமிழ்ப் பொருளை எழுதலாம். தமிழ்க் குரலைச் சேர்க்கலாம். ஒருவர் செய்த அட்டைத் தொகுதியை ஆயிரவர்க்குப் பகிர்ந்தளிக்கலாம். நாளொன்றுக்குப் பத்துச் சொல் வீதம் பயின்றால் 150 நாளில் 1500 சொற்கள். பேருந்துக்குக் காத்திருக்கும் பொழுதே அதற்குப் போதுமானது.

தமிழே திறவுகோல்

பெருமக்களே! தமிழ் வாயிலாகக் கற்றல் வேண்டும் என்பது உணர்ச்சிக்காக மட்டும் கூறப்படுவதன்று. சில மொழிகளைக் கற்க ஆங்கிலத்தைவிடத் தமிழே எளிய வழி என்பதற்குச் சப்பானியம் கண்கூடான சான்று.

‘தனகா வ மிசு ஒ நொமு’ என்பது ஒரு சப்பானியத் தொடர். தனகா என்பது ஆட்பெயர். ‘வ’ என்பது பேச்சுப்பொருள் இன்னதெனக் காட்டும் இடைச்சொல். மிசு என்பது நீர். ‘ஒ’ என்பது ‘ஐ’ எனும் வேற்றுமையுருபு போன்றது. நொமு என்பது குடித்தல். தனகா – நீர் – ஐ – குடிக்கிறார். சொல்லுக்குச் சொல் அதே வரிசை! வினைமுற்று இறுதியில் நிற்கிறது. உருபு பெயரின் பின்னே ஒட்டுகிறது. இதனை ஆங்கிலத்தில் விளக்கப் புகுந்தால் ‘தனகா குடிக்கிறார் நீர்’ என்று வரிசையைக் கலைத்துவிட்டுப் பின்னர்ச் சப்பானியத்துக்காக மீண்டும் அடுக்க வேண்டியிருக்கிறது. தமிழ் மாணவன் நேரே நடந்து செல்லும் தெருவில் அவனைச் சுற்றுவழியே இழுத்துச் செல்வதொக்கும் இது.

இன்னும் காண்க. ‘தோக்கியோ கர கித சென்சே’ என்றால் ‘தோக்கியோவிலிருந்து வந்த ஆசிரியர்’. கர என்பது ‘இலிருந்து’. கித என்பது ‘வந்த’. சென்சே என்பது ‘ஆசிரியர்’. ‘வந்த’ என்னும் பெயரெச்சம் தான் தழுவும் பெயருக்கு முன்னே நிற்பது போலவே ‘கித’ என்பதும் முன்னே நிற்கிறது. ஆங்கிலத்திற் பெயரை முதலிற் கூறி, இணைப்புச்சொல் ஒன்றை இட்டு, அதன்பின் வினையைக் கூற வேண்டும். ஆங்கில வழிப் பாடநூல்கள் இதனை விளங்கவைக்கப் பக்கக்கணக்கில் உழைக்கின்றன. தமிழ் மாணவனுக்குப் ‘பெயரெச்சம்’ என்னும் ஒருசொல் போதும்.

துணைவினைகளோ வியப்பின்மேல் வியப்பு. ‘யொந்தெ’ என்றால் படித்து. ‘மிரு’ என்றாற் பார். ‘யொந்தெ மிரு’ என்பதற்குப் ‘படித்துப் பார்’ என்றே பொருள். படிக்க முயல்வதைத் தமிழனும் ‘பார்’ என்னும் வினையாற் குறிக்கிறான். சப்பானியனும் அவ்வாறே குறிக்கிறான். ‘கயிதெ’ என்றால் எழுதி. ‘ஒகு’ என்றால் வை. ‘கயிதெ ஒகு’ என்பது ‘எழுதி வை’. பின்னர்ப் பயன்படும் பொருட்டு முன்னரே செய்தல் என்னும் நுண்பொருளை இருமொழியும் ஒரே வினையால் உணர்த்துகின்றன. தொடரின் இறுதியில் ‘க’ சேர்த்தால் வினாவாகிறது. தமிழில் ‘ஆ’ சேர்ப்பது போல. தொல்காப்பியர் காலந்தொட்டு வழங்கும் வேற்றுமை, எச்சம், இடைச்சொல் ஆகிய குறியீடுகளே சப்பானிய இலக்கணத்தை விளக்கப் பெரும்பாலும் போதுமானவை. புதுச்சொல் ஆக்கும் வேலைகூட இங்கு மிகுதியில்லை.

ஒலியிலும் இவ்வொற்றுமை உண்டு. சப்பானியத்திற் குறில் நெடில் வேறுபாடு பொருளை மாற்றும். ‘ஒபசன்’ என்றால் அத்தை அல்லது சிற்றன்னை. ‘ஒபாசன்’ என்றாற் பாட்டி. படு–பாடு, எடு–ஏடு என்று மழலைப் பருவத்திலேயே பயின்ற தமிழ்க் காதுக்கு இது பெரிய செய்தியன்று, ஆங்கிலேயனுக்கோ பெருந்தொல்லை. ஒற்று இரட்டித்தலும் பொருளை மாற்றும். ‘அன’ என்றால் துளை; ‘அன்ன’ என்றால் அத்தகைய. கனி–கன்னி என்னும் வேறுபாட்டை அறிந்த செவி இதனை எளிதிற் பற்றிக்கொள்ளும். அவ்வெழுத்து வரிசையுங்கூட அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந என்று செல்கிறது. புத்த சமயத்தோடு சென்ற இந்திய எழுத்தொழுங்கின் செல்வாக்கு அது.

இவ்வொப்புமைகளைக் கொண்டு தமிழுக்கும் சப்பானியத்துக்கும் குருதியுறவு உண்டு என்று 2008-இல் மறைந்த சப்பானியப் பேரறிஞர் சுசுமு ஓனோ ஆராய்ந்தெழுதினார். அவ்வுறவை மொழியறிஞருட் பலர் ஏற்கவில்லை. உறவு உண்டா இல்லையா என்னும் வழக்கு ஒருபுறம் நிற்க. அமைப்பொப்புமை கண்கூடு; கற்போனுக்கு வேண்டுவது அதுவே. மிகைபடக் கூறலும் ஆகாது. சப்பானிய வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டாது. அம்மொழியின் இருவகைக் கனா எழுத்துகளை வகைக்கு 46 வீதம் கற்க வேண்டும். 2010-இல் அரசு வரையறுத்த பொதுவழக்குச் சீன எழுத்துருக்கள் 2136. இவற்றுக்குத் தமிழறிவு துணைசெய்யாது. உழைப்பும், கோட்டு வரிசையை விரலாற் பயிற்றும் கைப்பேசியும் இங்குத் துணையாகும்.

சப்பானியம் மட்டுமன்று. பிரெஞ்சு, இசுப்பானிய மொழிகளில் வரும் தகரவொலி, நாநுனி பல்லைப் பொருந்தப் பிறக்கும் தமிழ்த் ‘த’கரத்தை ஒத்தது. ஆங்கில வழியிற் கற்பவன் அதே உரோம எழுத்தைக் கண்டவுடன் ‘ட’கரமாக ஒலித்துப் பழகிவிடுகிறான். தன் தாய்மொழியில் இருந்த சரியான ஒலியை விட்டுவிட்டு, ஆங்கிலத்திலிருந்து தவறான ஒலியைக் கடன்வாங்குகிறான். எனினும், தமிழ் எழுத்தாலேயே எல்லா ஒலியையும் காட்டிவிட இயலாது. மேற்காட்டிய சப்பானியச் சொற்களில் ‘கித’ என்பதன் தகரத்தை மெலியாமல் வல்லெழுத்தாகவே ஒலிக்க வேண்டும். இங்கேதான் கைப்பேசியின் அருமை விளங்குகிறது. எழுத்து வழிகாட்ட, அம்மண்ணில் பிறந்தாரின் குரல் செவியிற் புகுந்து ஒலிப்பைத் திருத்தும். அதன்பொருட்டுத் தமிழ் நெடுங்கணக்கில் அயலெழுத்தைப் புகுத்த வேண்டிய தேவை அறவே இல்லை.

பிறர் கையிலுள்ள கருவி

இனி, எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்க ஒரு செய்தி. உலகெங்கும் பரவிய ‘துவோலிங்கோ’ என்னும் மொழிப்பயிற்சிச் செயலி 2012-இற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதனைத் தொடங்கியவருள் ஒருவர் நடு அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டிற் பிறந்தவர். ஏழையரும் மொழி கற்க வேண்டும் என்னும் எண்ணமே அதன் தோற்றுவாய் என்பர். 2013 முதல் அதன் பாடங்கள் பலவற்றைப் பல நாட்டுத் தொண்டர்கள் கூலியின்றி எழுதித் தந்தனர். 2021-இல் அத்தொண்டர் முறை நிறுத்தப்பட்டது.

பிரித்தானியத் தீவின் மேற்கே உள்ள வேல்சு நாட்டினர் தம் மொழிக்காக நெடும்போர் நடத்திய மக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குப் பள்ளிகள் சிலவற்றில், தாய்மொழி பேசிய சிறுவனின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டு இழிவுபடுத்தினர். அம்மக்கள் போராடி 1982-இல் தம் மொழிக்கெனத் தொலைக்காட்சி பெற்றனர். 2050-க்குள் பத்து இலக்கம் பேர் வேல்சு மொழி பேசுவோராக வேண்டும் என்று அவர்தம் அரசு இலக்கு வகுத்திருக்கிறது. 2016-இல் அச்செயலியில் வேல்சு மொழிப்பாடம் தொடங்கியபோது ஆங்கிலமே அறிந்த வேல்சு மக்களும் அயலாரும் திரள்திரளாகக் கற்கப் புகுந்தனர். 2023 அக்டோபரிலோ, அப்பாடம் இனிப் புதுப்பிக்கப்படாது, இருந்தவாறே இருக்கும் என்று நிறுவனம் அறிவித்தது. கற்போர் முறையிட்டனர், கையொப்பம் திரட்டினர்.

நிறுவனத்தைப் பழித்துப் பயனில்லை. வணிகம் வணிகக் கணக்கையே பார்க்கும். எந்த மொழிக்கு ஆளும் பொருளும் செலவிடுவது என்பதை அதுவே முடிவுசெய்யும். கற்க வேண்டிய பாடம் இதுதான்: ஒரு மக்களின் மொழிக்கல்வி முழுவதும் பிறர் கையிலுள்ள ஒரு கருவியைச் சார்ந்து நிற்றல் கூடாது. கருவியைப் பயன்படுத்துக, ஆனால், பாடம் தம் கையில் இருக்கட்டும். சொற்றொகுதியும் ஒலிப்பதிவும் இலக்கணக் குறிப்பும் தமிழர் வசமிருந்தால், ஒரு செயலி மூடினாலும் அவற்றை மற்றொன்றில் ஏற்றிக்கொள்ளலாம். உழைப்பு வீணாகாது.

பொறியின் குறைகள்

பொறியின் குறைகளையும் மறைத்தலாகாது. செயலிகள் பல, கற்போனைக் கட்டிவைக்கப் புள்ளிகளும் பரிசுகளும் தருகின்றன. நாள்தோறும் புள்ளி ஈட்டியவன் ஓராண்டு கழித்து அம்மொழியினன் ஒருவனைக் கண்டால் நாவெழாமல் நிற்பதுண்டு. புள்ளி சேர்த்தல் வேறு, பேச்சுத்திறம் வேறு. ஆதலின் ஆளோடு ஆள் பேசும் பயிற்சி இன்றியமையாதது. இணையத்தில் மொழிமாற்றுத் தோழமை என்று ஒன்றுண்டு. தமிழ் கற்க விரும்பும் சப்பானியர் ஒருவரும் சப்பானியம் கற்கும் தமிழர் ஒருவரும் காணொளியில் அமர்ந்து அரைமணிப் பொழுது ஒரு மொழியும் அரைமணிப் பொழுது மறுமொழியும் பேசிப் பழகுவதே அது. இதிற் காசு கைமாறுவதில்லை, இருமொழியும் வளர்கின்றன.

பொறிவழி மொழிபெயர்ப்பிலும் செய்யறிவுத் துணையிலும் மற்றொரு குறையுண்டு. இவை பல மொழிகளுக்கிடையே ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தியே பெயர்த்து வந்துள்ளன. தமிழில் ‘நீ வந்தாயா?’ என்பது வேறு, ‘தாங்கள் வந்தீர்களா?’ என்பது வேறு. சப்பானியத்திலும் தோழனிடம் பேசும் வினைவடிவும் மூத்தாரிடம் பேசும் வினைவடிவும் வெவ்வேறானவை. இரண்டுக்கும் நடுவே ஆங்கிலம் நுழையும்போது இரு தொடரும் ஒன்றாகிவிடுகின்றன. இருமருங்கிலும் இருந்த பணிவு நடுவழியிற் காணாமற் போகிறது. முதியோரைப் பேணச் செல்லும் பெண், எண்பது அகவைப் பெரியவரிடம் தோழமை வழக்கிற் பேசினால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பொறி தந்ததை ஆளறிவால் திருத்திக்கொள்வது கட்டாயம்.

செய்யத்தக்கவை

இனிச் செய்யத்தக்கவை எவை? முதலாவது, ஒவ்வொரு மொழிக்கும் முதல் ஆயிரம் சொற்களுக்கான தமிழ்ப்பொருள் அட்டைத் தொகுதி. பொருளெழுதுங்கால் தூய தமிழ்ச்சொல்லே ஆளப்பட வேண்டும். ஏனெனில் அயற்சொல்லுக்கு இணை தேடும் வேலையே தமிழ்ச்சொல் வளத்தையும் கிளறிவிடும். இரண்டாவது, சிற்றிலக்கணம்: நாற்பது ஐம்பது பக்கத்தில், தமிழிலக்கணக் குறியீடுகளால் விளக்கப்பட்டது. மூன்றாவது, ஒலிப்பதிவு: அவ்வந்நாட்டிற் குடியிருந்து அம்மொழி கைவந்த தமிழரும், அம்மொழிக்குரியோரும் சேர்ந்து தருவது. நான்காவது, இவையனைத்தும் யாவரும் எடுத்தாளவும் திருத்தவும் உரிமை தரும் திறந்த உடைமையாக வெளியிடப்பட வேண்டும். இணைய இணைப்பு இல்லாத ஊரிலும் பயன்படுமாறு ஒருமுறை இறக்கிவைத்துக்கொள்ளும் வடிவில் இருக்க வேண்டும்.

இது கைகூடாத கனவு என்று எவரும் சோர்தல் வேண்டா. கணித்தமிழுக்கு வழிகோலிய மாநாடு 1999-இற் சென்னையில் நடந்தது. அயல்நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையவழித் தமிழ் கற்பிக்க 2001-இலேயே தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவையும் அதன் உடன்பிறப்பாகிய விக்சனரி என்னும் சொற்களஞ்சியத்தையும் வளர்த்தவர் பெரும்பாலும் கூலி பெறாத தமிழார்வலரே. தமிழை உலகுக்குக் கற்பிக்க இணையத்தை ஆண்ட தமிழர், உலக மொழிகளைத் தமிழர்க்குக் கற்பிக்கவும் அதனை ஆளலாம். முன்னது செய்தார்க்குப் பின்னது அரிதன்று.

இளைஞர்க்கு ஒரு சொல். நாள்தோறும் ஒருமணிப் பொழுது போதும். அதில் கால்மணி அட்டைப் பயிற்சி, கால்மணி செவிப்பயிற்சி, கால்மணி வாய்விட்டுப் பேசித் தன்குரலைப் பதிந்து மூலக்குரலோடு ஒப்பிடல், கால்மணி கையால் எழுதல். கிழமைக்கு ஒருநாள் ஆளோடு ஆள் பேச்சு. கற்றவன் தன் அட்டைகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் அடுத்தவனுக்குத் தரட்டும். நூறு இளைஞர் ஆளுக்குப் பத்து அட்டை செய்தால் ஆயிரம் சொற்றொகுதி ஒரே நாளில் முடிந்துவிடும்.

பெருமக்களே! ஆங்கிலம் கற்க விரும்புவோர் அதனையும் நன்கு கற்கட்டும். அதுவும் பல மொழிகளுள் ஒன்று. ஆனால், உலக மொழிகள் அனைத்துக்கும் அதனை வாயிற்காவலாக்கி, அதனைக் கடவாதவர்க்கு உலகமே இல்லை என்னும் நிலையைத் தமிழர் ஏற்கலாகாது. தமிழ்வழி பயின்ற ஏழை மகன் சப்பானியம் பேசி நிமிர்ந்து நிற்க வேண்டும். தமிழ்வழி பயின்ற ஏழை மகள் செருமானியம் பேசி நோயாளரைத் தேற்ற வேண்டும். அவர்கட்கு வேண்டிய கருவி கையிலேயே இருக்கிறது. வேண்டிய இலக்கணம் நெடுங்காலத் தமிழ்மரபில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் பணியை இன்றே தொடங்குக!

வாழ்க தமிழ்! வளர்க தமிழர் அறிவு!